கறிவேப்பிலைப் புழு வளர்ப்பு: கிருஹஸ்த தர்மம் பற்றிய ஒரு விசாரணை

இல்லறத்தான் ஓம்பத் தக்கவர் இன்னின்னார் என்று வகை வகையாக எடுத்துரைத்த நம் முன்னோர், அந்த வரிசையில் கறிவேப்பிலைப் புழுவைச் சேர்க்காமல் விட்டது மறதியினாலா, அல்லது அஃது எவர் அழைப்பையும் எதிர்பாராமல் தானே வந்து சேர்ந்துகொள்ளும் என்ற தீர்க்கதரிசனத்தினாலா என்பது, இதனினும் அற்பமான விஷயங்களை நுணுகி ஆராய்ந்து பட்டம் பெற்றோர் மலிந்த இந்நாட்டில் இன்னும் விசாரிக்கப்படாமலே கிடக்கிறது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம். விஷயம், தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக் கன்றும் அதைத் தின்று வளரும் புழுவும். இதைப் படிக்க அதிகாரி, மாடியில் தொட்டி உடையார் எவரும்.

முதலில் வம்சாவளி. கறிவேப்பிலைக்கு வரும் பட்டாம்பூச்சிகளில் பிரதானமான ஒன்று, காமன் மார்மன் எனப்படும் கருநிறத்தது. அதற்குப் ‘பாபிலியோ பாலிடெஸ்’ என்று 1758இல் நாமகரணம் செய்தவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கோனிகி’ என்ற பகுதியோ, அவரிடம் பயின்று, பின்னர் நம் தரங்கம்பாடிக்கு வந்து செடிகொடிகளைத் தேடித் திரிந்த கோனிக் என்பாரின் ஞாபகார்த்தம். ஆகவே நம் மாடியில் நித்தியம் நடைபெறுவது, தத்துவ நோக்கில் பார்த்தால், குரு பெயரிட்ட பூச்சி சிஷ்யன் பெயரைத் தின்னும் காரியமே. உலக வழக்கத்துக்கு இது விரோதமன்று.

தாய்ப்பூச்சி இலைமேல் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கிறது. அதன் நாவு காலில் இருப்பதால், மிதித்த மாத்திரத்தில் இலையின் ஜாதி தெரிந்துவிடுகிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியன எல்லாம் ஒரே குடும்பமாதலால் அவற்றிலும் அதன் இனத்தார்க்குச் சம்பந்தம் உண்டு. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் ஒரு வெளிர்மஞ்சள் முட்டை. மூன்று நான்கு நாளில் அதிலிருந்து வெளிப்படும் புழு, பிறந்த வீட்டின் ஓட்டையே முதல் ஆகாரமாகக் கொள்கிறது. இளமையில் அதன் வேஷம் பறவை எச்சம். கருமையும் வெண்மையும் கலந்து, ஈரப் பளபளப்போடு, இலை நடுவே அசையாமல் கிடக்கும் அதைக் காகமும் குருவியும் சீண்டா. ஆனால் எச்சம் கண்ட இடத்தில் ஈரத்துணியோடு விரையும் குடும்பத் தலைவிமார்களும் இவ்வுலகில் உண்டு என்பதை முன்னறியாத இயற்கை, பறவையிடமிருந்து காத்த அதே வேஷத்தால் புழுவை மனுஷ்ய ஜாதியிடம் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான்கு முறை சட்டை உரித்தபின் அது பச்சைப் பசேலென்று, பொய்க்கண் இரண்டு தரித்து, பாம்பின் சிறு பிரதியாக நிற்கும். இந்நிலையில் தொட்டவர், தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கவட்டுறுப்பு ஒன்று திடீரென நீள்வதையும், காறிப்போன வெண்ணெயின் வாடை எழுவதையும் பிரத்தியட்சமாக அறிவர். பிரமாணம் வேறு வேண்டுவதில்லை; விரலை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினும் பிரமாணம் நீடிக்கும்.

உரிமைப் பிரச்சினைக்கு வருவோம். பூர்வபட்சம் அடுக்களையினுடையது: கன்றை நட்டதும், புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றி வளர்த்ததும் யாம், ஆகவே இலை எம்முடையது. இதற்குப் புழுவின் சார்பில் சொல்லத்தக்க சமாதானம் வலிமை வாய்ந்தது. தாளிதத்தில் பொரித்துப் போட்ட இலையை உண்ணும் தருணத்தில் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்குவோருக்கு அதன்மேல் என்ன பாத்தியதை? புழுவோ நடுநரம்பு உட்பட யாதொன்றும் ஒதுக்குவதில்லை. அன்றியும், மருந்தடித்த சந்தைக் கறிவேப்பிலையைத் தின்றால் புழு மடிந்துபோகும் என்பதால், புழு வளர்ப்போர் வீட்டில் தொட்டி இலை புழுவுக்கும் சந்தை இலை மனிதர்க்கும் என்று ஏற்பாடாகிவிடுகிறது. எது யாருக்கு உத்தமம் என்ற யோசனை இங்கு எழவில்லை என்பதை வியப்போடு குறித்துச் செல்கிறோம்.

யார் யாரை வளர்க்கிறார் என்ற சந்தேகம் முற்றுவது கூட்டுப்புழுப் பருவத்தில்தான். இரண்டு மூன்று வாரம் தின்றபின், வழக்கமாக மிளகு மிளகாக உதிர்த்துவந்த புழு, ஒரு நாள் நீர்த்த எச்சத்தை இட்டு வயிற்றைக் காலி செய்து, தொட்டியை விட்டிறங்கித் தேசாந்தரம் புறப்படும். கட்டிக் காத்த வலைக்கூடை, ஊன்றிய குச்சி, எதையும் அது மதிப்பதில்லை. சாய்வு நாற்காலியின் காலோ, மூலையில் சாத்திய குடையோ அதற்குப் பிடித்துப்போனால் அங்கேயே வாலைப் பதித்து, இடுப்பில் பட்டிழை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பச்சையாகவோ பழுப்பாகவோ யோகத்தில் அமர்ந்துவிடும். ஏறத்தாழ 10 நாள் அந்த நாற்காலியை நகர்த்தக் கூடாது. மழை பெய்யினும் குடையை விரிக்கக் கூடாது. வாடகை கொடுக்கும் கிருஹஸ்தர் நனைந்துகொண்டு ஆபீஸ் போவார். சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சிறு குளவிகள் கூட்டமாய் வெளிப்படுவதும் உண்டு. அதைப் பற்றி மேலும் எழுத மனம் வரவில்லை. நல்லபடி பிறந்ததோ, சுருண்ட சிறகு விரிந்து உலரும் வரை தொங்கிக்கொண்டிருந்து, கூட்டுக்குள் சேர்ந்த கழிவைத் துளித்துளியாக விட்டுவிட்டுப் பறந்துபோகும். வெள்ளை வேட்டியைக் கீழே உலர்த்தாதிருப்பது நலம்.

புழுவுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று என இரண்டு தொட்டி வைத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்று மத்தியஸ்தர் சிலர் கூறுவர். அவர்கள் கன்றின் சுபாவம் அறியாதவர்கள். பட்டாம்பூச்சி நாடுவது இளங்கொழுந்தை. கொழுந்து பெருகுவது நுனி கிள்ளப்பட்ட கன்றில். தினம் நுனி கிள்ளப்படுவதோ குழம்புத் தொட்டியில். எனவே புழுவுக்கென்று விட்ட கன்று முற்றிய இலையோடு தீண்டுவாரின்றி நிற்க, அடுத்த தலைமுறைக்கு விருந்து சமைத்து வைப்பது ரசத்துக்குக் கிள்ளிய அம்மையாரின் விரல்களே என்பது சித்தாந்தம். இதை அவ்வம்மையாரிடம் நேரில் எடுத்துரைக்கும் பொறுப்பு இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு உட்பட்டதன்று.