சுற்றியும் நகராத சிஸ்டம்

ஒரகடம் சிப்காட்டில் கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து அனுப்பும் இடம் எங்களுடையது. இங்கே நொடிதான் காசு. ஷாப் ஃப்ளோரில் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கும் இன்ஜினீயர், நாலு போல்ட் முடுக்குவதில் இரண்டு நொடி மிச்சம் பிடித்துவிட்டால் கைசன் போர்டில் அவர் போட்டோ ஏறும். அதே கூரையின் கீழ், டிஸ்பாட்ச் ரூம் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு நான் கேன்டீன் போய், டீ குடித்து, யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட் என்று விசாரித்துத் திரும்பினாலும் அது விழித்திருக்காது. அதற்கு மட்டும் யாரும் ஸ்டாப்வாட்ச் பிடித்ததில்லை.

இ-வே பில் இல்லாமல் லோடு வண்டி கேட்டைத் தாண்ட முடியாது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"சார், பில்லு?"

"சுத்திக்கிட்டு இருக்குண்ணே."

"நேத்து சுத்துனதே இன்னும் நிக்கலையா?"

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ் கொடுத்தோம். எதற்கென்று தெரியாது, எல்லோரும் கொடுக்கிறார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். மேனேஜர் எட்டு ஜிபி ரேம் போடச் சொன்னார். உள்ளே இருந்ததோ 32 பிட் விண்டோஸ். அது நாலு ஜிபிக்கு மேல் ஏறெடுத்தும் பார்க்காது.

கடைசியில் சுங்குவார்சத்திரத்திலிருந்து சர்வீஸ் தம்பி வந்தார். கழற்றுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். சிபியு 6 சதவீதம், டிஸ்க் 100. "மூளை சும்மாதாண்ணே உக்காந்திருக்கு, ஹார்ட்டிஸ்க்தான் மூச்சு வாங்குது."

அந்த ஹார்ட்டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுவது. ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் பறக்கும் கார் இன்ஜின்கூட அதில் பாதிதான் சுற்றும். ஆனால் கேட்ட ஃபைல் தட்டில் எங்கே இருக்கிறதோ அங்கே முள் நகர்ந்து போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் சுமார் 12 மில்லி வினாடி. சிஸ்டம் எழுந்திருக்க அப்படி ஆயிரக்கணக்கான தடவை. அதற்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

மூடியைத் திறந்தார். ஃபேன் இறக்கையில் பல வருஷக் குங்குமம் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்தது. ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்தார், கருப்பு உதிர்ந்தது. புது எஸ்எஸ்டி, ஃபேனில் சுரண்டிய குங்குமத்தைவிடக் கனம் குறைவு என்று தோன்றியது. எட்டு ஜிபியையும் பார்க்கிற 64 பிட் சிஸ்டம் வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இந்தக் கிழட்டு புரொசசரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே லினக்ஸ். இ-வே பில் பிரவுசரில்தானே ஓடுகிறது.

மொத்தச் செலவு புது கம்ப்யூட்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் பாஸ்வேர்டு கேட்கிறது. பில் ரெடி, டிரைவர்தான் பழக்கதோஷத்தில் டீக்கடைக்குப் போய்விடுகிறார்.

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடுமுன் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 காட்டினால் எஸ்எஸ்டி. மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். சிபியு 100-லேயே நின்றால் மட்டும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் தேடுங்கள்.