கலாட்ரியேல் தறியில் ஓடிய நூல் யாது?

டோல்கீன் 1954இல் வெளியிட்ட ‘த ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்’ கதையில், லோரியன் காட்டை விட்டுப் புறப்படும் எண்மருக்கும் ஆளுக்கொரு சாம்பல்நிற மேலங்கி கிடைக்கிறது. லேசானது, கதகதப்பானது, பட்டுப் போன்றது. கலாட்ரியேல் சீமாட்டியே தோழியரோடு இருந்து நெய்தது. அதைப் போர்த்தியவர் பகைவர் கண்ணுக்குத் தப்புவதில் மயங்கிய வாசக உலகம், ‘போன்ற’ என்னும் உவம உருபைக் கவனிக்காமல் விட்டுவிட்டது. பட்டாயின் பட்டென்றே கூறியிருப்பார். கூறாமையின் பட்டன்று என்க.

அற்றேல், நூல் எங்கிருந்து வந்தது?

பட்டுப்புழு தின்பது மல்பெரி இலை. லோரியனில் நிற்பதோ வெள்ளிப் பட்டையும் பொன் இலையும் கொண்ட மல்லோர்ன். அதைப் புழு அரித்ததாக ஒரு வரியும் இல்லை. கூடு அவிக்கும் நாற்றமும் விருந்தாளிகள் எவர் மூக்கிலும் ஏறவில்லை. (அந்த நாற்றத்தருகே ஒருமுறை நின்றவர் இதை அற்பச் சான்றென்று தள்ளமாட்டார்.) 2001இல் வந்த திரைப்படத்துக்கு நியூசிலாந்து ஆட்டு மயிரில் நெய்துவிட்டார்கள், அதைப் பற்றிப் பேச இவ்வாய்வுக்கு மனமில்லை.

எஞ்சுவது சிலந்தி. லோரியனுக்குக் கிழக்கே ஆண்டுயின் ஆறு, அக்கரையில் மிர்க்வுட். அக்காட்டில் பேசும் சிலந்திகளும் தடித்த நூலாம்படையும் உண்டென்பதற்கு 1937இல் வந்த ‘த ஹாபிட்’ சான்று. சிலந்தி நூல் தறிக்கு ஆகுமோ எனின், ஆகும். மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளிடம் இழுத்த நூலில் நெய்த துணி 2009இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நீளம் மூன்று மீட்டர் சொச்சம்தான். ஆனால் மிர்க்வுட் சிலந்தியோ குள்ளர்களையே பொட்டலம் கட்டித் தொங்கவிடும் உருப்படி. அங்கே லட்சக்கணக்கு தேவைப்படாது. துணியும் அதிகம் வேண்டாம். முழு ஆள் மூவர், குள்ளன் கிம்லி முக்கால், ஹாபிட்டுகள் நால்வரும் தலைக்கு அரை. ஆக, ஐந்தே முக்கால் ஆள் துணி.

மடகாஸ்கர் துணி சாயமேற்றாமலே பொன்னிறமாயிற்றே, மேலங்கி சாம்பல்நிறம் அன்றோ என்பார், தம் வீட்டு விட்டத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்க.

இறுதிச் சான்று, எண்மரில் ஒருவனான லெகோலாஸ். மிர்க்வுட் அரசகுமாரன்; அந்தச் சிலந்திகளோடே வளர்ந்தவன். மேலங்கியைத் தொட்டதுமே அவனுக்குத் தெரிந்திருக்கும். மாயத் துணியா என்று ஹாபிட் பிப்பின் வாய்விட்டுக் கேட்கிறான்; லெகோலாஸ் ஒன்றும் சொல்லாமல் போர்த்திக்கொள்கிறான். தன் வீட்டு ஒட்டடையை அடுத்த வீட்டார் மடித்துச் சீராகக் கொடுக்கும்போது வேறென்ன செய்வான்?