857-ஐ நம்பலாமா?

கேள்வி: மெர்சிடிஸ் இக்யூஎஸ் 580 மின்சார கார் மேல் ஒரு கண். ஒரு முறை சார்ஜ் போட்டால் 857 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்களே, நிஜமா? கூடுதல் வசதிகளில் எதை எடுப்பது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: பெயர் வேண்டாம் என்றது புரிகிறது, வருமான வரிக்காரர்களும் நம் வாசகர்கள்தானே!

857 என்பது சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓடி வாங்கிய மார்க். அங்கே ஏ.சி. கிடையாது, பின்சீட்டில் அத்தை கிடையாது. 2022-ல் இங்கே வந்த இந்த மாடல் ஐரோப்பியச் சோதனையில் 700-ஐக்கூடத் தொடவில்லை. நெடுஞ்சாலையில் நீங்கள் வேகத்தை இரட்டித்தால் காற்று நான்கு மடங்கு எதிர்க்கும். மீட்டர் மளமளவென்று இறங்கும். ஆனாலும் சென்னைக்கு சுமார் 500 கிலோமீட்டர்தான். நிதானமாகப் போனால் போய்விடலாம். விக்கிரவாண்டியில் காபிக்கு நிற்கும்போது கொஞ்சம் சார்ஜும் ஏற்றிக்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறாது.

அது சரி, தினமும் எங்கே போகிறீர்கள்? வீடு, மில், கிளப். நாற்பது கிலோமீட்டர் தேறுமா? வாரம் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும்.

எனவே முதல் செலவு வீட்டுச் சுவரில் 11 கிலோவாட் சார்ஜர். 107.8 யூனிட் பேட்டரி ஓர் இரவில் நிரம்பிவிடும். பெரிய சக்கரம் கேட்காதீர்கள்: பார்க்க ஜோர், ஆனால் கிலோமீட்டரைத் தின்னும், நம் ஊர்க் குழிகளில் டயரையும். மசாஜ் சீட் இருந்தால் விடாதீர்கள். பில்லைப் பார்த்த பிறகு தேவைப்படும்.