வெண்மணல் இடப்பெயர்ச்சியில் குடும்பத்தின் பங்கு: காரைநகர் கசூரினாக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மணலை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் சேர்க்கும் சக்திகள் என்று புவியியல் பாடநூல்கள் ஆறு, அலை, காற்று, பனியாறு ஆகிய நான்கையே சொல்லி நிறுத்திவிடுகின்றன. காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் தீர்மானித்து ஒன்பதரைக்குப் புறப்படும் குடும்பம் என்ற ஐந்தாவது சக்தி எந்த நூலிலும் இடம்பெறவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இது சிறிய குறையன்று. இங்கே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஆறாக இருந்துவிட்டு மற்ற நாள்களில் பெயரளவில் கிடக்கும். மற்ற இடங்களில் ஆறுகள் மணலைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. ஆறில்லாத இக்குடாநாட்டில் அவ்வேலையை, எதிர்த்திசையில், வாடகை வான்கள் செய்கின்றன. குடும்பம் கடற்கரைக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் கடற்கரைதான் குடும்பத்தை வாகனமாகக் கொண்டு ஊருக்குள் வருகிறது என்பது எமது துணிபு.

2. முன்னோர் கண்டவையும் காணாதவையும்

மணலாராய்ச்சியின் தொல்லாசிரியர் ஆர்க்கிமிடீஸ். பிரபஞ்சம் முழுவதையும் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று கணக்கிட்டு, இன்றைய எழுத்தில் சொன்னால் 1-க்குப் பின் 63 பூச்சியம் வரும் ஓர் எண்ணை அவர் தந்தார். ஆனால் ஆறு வயதுப் பையனின் அரைக்காற்சட்டைப் பையில் எவ்வளவு மணல் கொள்ளும் என்பதை அவர் தொடவில்லை. பிரபஞ்சத்துக்கு ஓர் எல்லை இருப்பதாகக் கொண்டுதான் அவர் கணக்குப் போட்டார். காற்சட்டைப் பை அப்படிப்பட்டதன்று என்பதால் தவிர்த்திருக்கலாம்.

1922-இல் வெண்ட்வொர்த் என்னும் அமெரிக்கப் புவியியலாளர் துகள்களை அளவால் வகைப்படுத்தினார். அவர் வகுத்தபடி 0.0625 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதே மணல். அதற்குச் சிறியது வண்டல், பெரியது பரல். எமது இல்லத்தார் வேறொரு பகுப்பைக் கையாள்கின்றனர்: உதறினால் போவது, தேய்த்தால் போவது, புதன்கிழமை போவது.

மூன்றாமவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. லிபியப் பாலைவனத்தில் அலைந்தவர். காற்றால் பெயரும் மணலைப் பற்றிய அவரது நூல் 1941-இல் வெளிவந்து இன்றும் அத்துறைக்கு அடிப்படையாக நிற்கிறது. காற்று மணலை மேகம்போல் தூக்கிச் செல்வதில்லை. துகள்கள் தரையிலிருந்து துள்ளி, சிறிது தூரம் பறந்து, விழுந்து, விழுந்த இடத்திலுள்ள துகள்களையும் துள்ளவைக்கின்றன என்று அவர் விளக்கினார். இத்துள்ளலின் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே நடந்து முடிகிறது. பாய் விரித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்தவரின் சாப்பாட்டுக் கோப்பையும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. பாக்னோல்ட் இதைக் குறிப்பிடாமல் விட்டது வியப்பே. பாலைவனத்திலும் மனிதர் சாப்பிட்டிருப்பார்களே.

3. களமும் பொழுதும்

ஆய்வுக்களம் யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், காரைநகரின் வடகரையில் உள்ள கசூரினாக் கடற்கரை. பொன்னாலைப் பாலத்தால் கடலைக் கடந்து, வழியில் ஈழத்துச் சிதம்பரத்தில் இறங்கிக் கும்பிட்டு, திருநீற்றோடு சென்று சேர்வது மரபு. கரையோரம் சவுக்கு மரங்கள். கடல் ஆழமில்லாதது, வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்ட யோசிக்கும். ஆகவே பிள்ளைகளுக்குப் பயமில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குப் பயம் குறைவு.

நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் நேரம் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஏழு மணிக்குப் புறப்படவேண்டிய எமது குழு வந்து சேர்ந்ததோ நண்பகலில். நண்பகல் பாலைக்குரியது. நிலம் நெய்தலாகவும் பொழுது பாலையாகவும் அமைந்த இத்திணை மயக்கத்துக்கு, கடைசி நேரத்தில் நீச்சல் உடுப்பைத் தேடியதும், காஸ் அடுப்பை நிற்பாட்டினோமா என்று பார்க்க வான் திரும்பிப் போனதுமே காரணங்கள்.

4. பொருளின் இயல்பு

உலகின் வெண்மணல்களை இரண்டு குலங்களாகப் பிரிக்கலாம். பாறை தேய்ந்து எஞ்சிய படிகக்கல் மணல் ஒன்று. சிப்பி, சங்கு, பவளம் ஆகியவை உடைந்து தூளான சுண்ணாம்பு மணல் மற்றொன்று. குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல்லின்மேல் நிற்பது. இக்கரையில் ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தால் சிப்பித் துண்டுகள் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் குல மணலின் உற்பத்தியில் கிளிமீனுக்குப் பெரும்பங்கு உண்டு. கிளியின் அலகுபோன்ற பற்களால் பவளப்பாரைச் சுரண்டித் தின்று, உணவைச் செமித்து, மிச்சத்தை வெள்ளை மணலாகக் கழிக்கும் மீன் அது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை இவ்வாறு ஆக்கும். வெப்பக் கடல்களின் புகழ்பெற்ற வெண்கரைகள் பலவற்றில் தேனிலவுக்குப் போகிறவர்கள் படுத்துக்கிடப்பது இதன்மேல்தான். இச்செய்தியைச் சாப்பாட்டுக்கு முன்பு அறிவிப்பது ஆய்வு நெறியன்று என்பதை மூத்தமகன் அறிந்திருக்கவில்லை.

5. கண்டறிந்தவை

*5.1 உணவுக் காலம்.* கொண்டுசெல்லப்பட்டவை வெள்ளையரிசிமாப் புட்டு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், றோல்ஸ், ஐஸ் பெட்டிக்குள் சோடாப் போத்தல்கள். இவற்றுள் புட்டு தனிக்கவனம் பெறவேண்டியது. புட்டும் உதிரி, மணலும் உதிரி. புட்டும் வெள்ளை, மணலும் வெள்ளை. ஆகவே கலந்தபின் கண்ணால் பிரித்தறிய இயலாது. பல்லால் மட்டுமே இயலும். சோளகக் காற்று தரைப்பக்கமிருந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்தவர்களின் முதுகுப்புறமாக வீசியதால் பகை வந்த திசையும் தெரியவில்லை. "இஞ்சேருங்கோ, உந்தத் துவாயை அங்கால கொண்டுபோய் உதறுங்கோ, எல்லாம் புட்டுக்க விழுது" என்ற எச்சரிக்கை வெளிவந்தபோது துவாய் ஏற்கெனவே உதறப்பட்டிருந்தது.

இங்கே எதிர்பாராத அறிவியல் பயன் ஒன்று விளைந்தது. கனிமங்களின் வன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டுக்கு 3, பல்லின் மேற்பூச்சுக்கு ஏறத்தாழ 5, படிகக்கல்லுக்கு 7. சுண்ணாம்பு மணலை மென்றால் பல் வெல்லும். படிகக்கல் மணலை மென்றால் மணல் வெல்லும். எமது குழுவில் "நறுக்" என்ற ஒலி பலமுறை கேட்டும் பல் வைத்தியரிடம் யாரும் போகவில்லை. காரைநகர் மணல் இரண்டாம் குலத்தது என்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த சான்று கிடையாது. ஐயமுடையோர் ஒரு பிடி மணலில் தேசிக்காய் பிழிந்து நுரைக்கிறதா என்று பார்க்கலாம். எமது தேசிக்காய்கள் யாவும் சர்பத்துக்குச் செலவாகிவிட்டன.

*5.2 கோட்டைக் காலம்.* மணற்கோட்டை நிற்பதற்குக் காரணம் துகளுக்கும் துகளுக்கும் இடையே தண்ணீர் கட்டும் நுண்பாலங்கள். மணலின் கன அளவில் 1 சதவீதத் தண்ணீரே கோட்டைக்கு மிகவும் உகந்தது என்று 2012-இல் இயற்பியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். சின்னவள் பின்பற்றிய விகிதம் வேறு: ஒரு வாளி மணலுக்கு ஒரு வாளி கடல். கிடைத்ததைக் கோட்டை என்று அவள் சொன்னாள். கிணறு என்று அண்ணன் சொன்னான். வழக்கு தகப்பனிடம் போனது. அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்து நித்திரை.

இதில் கருதவேண்டியது வேறு. கோட்டையை நிற்கவைக்கும் அதே நுண்பாலங்கள்தாம் மணலைக் கெண்டைக்காலிலும் ஒட்டவைக்கின்றன. கோட்டையில் ஒரு மணி நேரமும் நில்லாத மணல் கெண்டைக்காலில் ஊர்வரை நிற்பது எதனால்? கடலுப்பினால். அதிலுள்ள மக்னீசியம் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தோலைக் காயவிடாமல் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கிறது. ஆகவே கால் மணலைக் கடல்நீரால் கழுவுவது, கழுவிய காலோடு மறுபடி மணலில் நடந்து வானுக்கு வருவது ஆகிய இரண்டும் சேர்ந்து குடும்பத்தை மிகத் திறமையான போக்குவரத்துச் சாதனமாக்குகின்றன.

*5.3 மணலின் பாகுபாடு.* ஒட்டிய மணலை அகமணல், புறமணல் என இரண்டாக்குவர் எம்மனோர். கை, கால், செருப்பு, பாய் ஆகியவற்றில் இருப்பது புறம், ஊரறியத் தட்டலாம். உடுப்புக்குள் இருப்பது அகம். ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்வது மரபன்று. நெளிவு, உட்கார மறுத்தல், வானில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருத்தல் ஆகிய மெய்ப்பாடுகளால் அதை உணரவேண்டும்.

*5.4 புறப்பாடு.* "போவம்" என்ற சொல் கேட்டதும் சின்னவள் அழத் தொடங்கினாள். சூரியன் சாய்ந்த நேரம் அது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல், உரிய சிறுபொழுதாகிய எற்பாட்டில், நிகழ்ந்தது. காலை முதல் எல்லாமே பிந்திய அந்நாளில் பிந்தாமல் நடந்தது இதுவொன்றே. இரங்கலின் உச்சத்தில் அவள் மணலில் விழுந்து புரண்டதால் அதுவரை செய்த துப்புரவுப் பணிகள் அனைத்தும் இரத்தாயின.

*5.5 படிவு.* வீடு சேர்ந்ததும் பிள்ளைகள் நேரே கிணற்றடிக்கு அனுப்பப்பட்டார்கள். வாளி வாளியாக ஊற்றிய தண்ணீரோடு புறமணல் வாய்க்கால் வழியே வாழையடிக்குப் போனது. சுண்ணாம்புக் கரையின் மணல் சுண்ணாம்பு நிலத்திலேயே போய்ச் சேர்ந்ததால் இயற்கைக்கு நட்டமில்லை. அகமணல் உடுப்போடு உடுப்பாக வாஷிங் மெஷினுக்குள் போய், வேறு யாருடையவோ வெள்ளைச் சேர்ட்டில் அடுத்த நாள் அலுவலகம் போனது.

6. சட்டப் பார்வை

இத்தாலியின் சார்டினியாத் தீவில் கடற்கரை மணலை எடுத்துச் செல்வது குற்றம். 2017-இல் வந்த சட்டப்படி தண்டம் 500 யூரோவிலிருந்து 3,000 யூரோ வரை. 2019-இல் பிரெஞ்சுத் தம்பதியர் இருவர் 14 போத்தல்களில் ஏறத்தாழ 40 கிலோ மணலோடு அங்கே அகப்பட்டார்கள். நினைவுக்காக எடுத்தோம் என்றார்களாம். எமது குடும்பம் அங்கே நிறுத்தப்பட்டால் சொல்லக்கூடிய வாதம் அதைவிட வலியது: எடுக்கக் கூடாது என்பதற்காகவே நாள் முழுவதும் பாடுபட்டோம். உள்நோக்கமற்ற கடத்தலுக்குத் தண்டம் உண்டா என்பதை நீதிமான்கள் ஆராய்க.

7. மறுப்பும் விடையும்

எமது முடிவுகளை அம்மம்மா ஏற்கவில்லை. சவுக்கு நிழலில் பிளாஸ்டிக் கதிரையில், பைகளுக்குக் காவலாக நாள் முழுவதும் இருந்தவர் அவர். "மண் வயித்துக்க போனா ஒண்டும் செய்யாது, சாப்பிடு மோனை" என்பது அவர் வாதம். கால்சியம் கார்பனேட் வயிற்று அமிலத்தில் கரையும், புளிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது என்பதால் இதை முழுவதும் தள்ளிவிட இயலாது. மேலும், கடலில் காலே வைக்காத அவரது சேலைக் கொய்யகத்திலிருந்துதான் வீட்டில் ஆகக்கூடிய மணல் கொட்டியது. மணல் பெயர்வதற்குக் குளிக்கத் தேவையில்லை, குடும்பத்தில் ஒருவராக இருந்தாலே போதும் என்ற புதிய விதிக்கு வழிவகுத்தவர் என்ற முறையில் அவருக்கு நன்றி.

8. பரிந்துரைகள்

ஒன்று: பாடநூல்களின் அடுத்த பதிப்பில் குடும்பம் ஐந்தாவது பெயர்ப்புச் சக்தியாகச் சேர்க்கப்படவேண்டும்.

இரண்டு: காலைத் தட்டுவதைக் கைவிட்டு, குழந்தைப் பவுடரைப் பூசித் தேய்க்கவேண்டும். பவுடர் ஈரத்தை உறிஞ்சியதும் நுண்பாலங்கள் அறுந்து மணல் தானாக உதிரும். கண்ட உண்மைகளில் உடனே பயன்படுவது இதுவொன்றே என்பதால் கடைசிக்கு முந்தி வைத்தோம்.

மூன்று: வான் சாரதிகளின் அனுபவ அறிவைத் தொகுக்கவேண்டும். இருக்கைகளில் பழைய சாரம் விரித்து, "அக்கா, எல்லாரையும் காலைத் தட்டிப்போட்டு ஏறச் சொல்லுங்கோ" என்று வாசலில் நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்து ஏற்றியவர் எமது சாரதி. இத்துறையில் அவரளவு களஅனுபவம் உள்ளவர் குடாநாட்டிலேயே சிலர்தான். இவ்வாய்வுக்கு இணையாசிரியராகச் சேரும்படி அழைத்தோம். "பேர் வேண்டாம் அண்ணை, வான் கழுவுற காசைச் சேர்த்துத் தாங்கோ" என்றார்.