ஐந்நூறு யூனிட் தாத்தா

பட்டப்பகலில் கையில் டார்ச் லைட்டோடு ஒருவர் வீட்டைச் சுற்றி வந்தால், அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று பரிதாபப்பட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் இருட்டு மூலையில் மீட்டர் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். திருச்சியில் உறையூர், தில்லைநகர், கே.கே.நகர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். ஓய்வு பெற்றவர். வேட்டி, முண்டா பனியன். ஜூன் முதல் மார்ச் வரை சாதாரண மனிதர். பள்ளிக்கூடம் மூடி, பெங்களூரிலிருந்து மகள் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்து இவர் வேறு ஆள்.

மற்ற தாத்தாக்கள் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் இமாம் பசந்துக்குச் சொல்லி வைப்பார்கள். இவரும் சொல்லி வைப்பார், கஞ்சர் இல்லை. ஆனால் ஆட்டோ வாசலில் நின்று பிள்ளைகள் குதித்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது, ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவார். “வாடா ராஜா” என்று வாய் சொல்லும். “ரெண்டு ஃபேன், ஒரு ஏசி, மோட்டார் ஒரு வேளை கூடுதல்” என்று உள்ளே ஓடும்.

தமிழ்நாட்டு வீட்டு மின் கட்டணம் புரிந்தவர்களுக்கு இவருடைய வேதனையும் புரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். அந்த உத்தரவில் ஜெயலலிதா கையெழுத்துப் போட்டது 2016-இல், அதுவும் மே மாதத்தில். தாத்தா அதைக் கோயில் பிரசாதம் என்றே வைத்திருக்கிறார். அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். ஏறட்டும், அதில் இவருக்கு வருத்தமில்லை. 500-ஐத் தாண்டும் இடத்தில்தான் வினை. 501-வது யூனிட்டுக்கு மட்டும் காசு கூடினால் சகித்துக்கொள்வார். அது ஏற்கெனவே ஓடி முடிந்த கீழ்ப்படி யூனிட்டுகளின் ரேட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். “சித்திரை மாசம் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு வைகாசியில வந்து விலையை ஏத்துவானா ஒருத்தன்?” என்று கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. கேள்வி நியாயமானதுதான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் டார்ச்சை என் கையில் கொடுத்துவிடுவார்.

500-ஐ 60 நாளால் வகுத்தால் 8.33. காலண்டரில் தினமும் தாள் கிழிப்பதற்கு முன் ராகு காலத்துக்குக் கீழே அன்றைய ரீடிங்கை எழுதுவார். 8.33-க்குள் இருந்தால் பக்கத்தில் ஒரு டிக். தாண்டினால் ஒன்றும் எழுதமாட்டார், முகமே போதும். பழைய சக்கர மீட்டர் இருந்தவரை இவருக்கு இந்த வேலை இன்பமாக இருந்தது. ஏசியை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் சக்கரம் சட்டென்று தளர்வது கண்ணுக்குத் தெரியும். இப்போதைய டிஜிட்டல் மீட்டர் தேதி காட்டும், மணி காட்டும், வோல்டேஜ் காட்டும், யூனிட்டை மட்டும் கடைசியில் காட்டும். அதற்குள் மாடிப்படி அடிப் புழுக்கத்தில் பனியன் நனைந்துவிடும். ஒரு கண் சிமிட்டலில் எண்ணைத் தவறவிட்டால் மறுபடி தேதியிலிருந்து.

இனிப் பிள்ளைகள். மகள் பிள்ளைகள் இரண்டு, மகன் பிள்ளை ஒன்று. பெரியவனுக்கு ஒன்பது வயது, நடுவாந்திரத்துக்கு ஏழு, சின்னதுக்கு நாலு. வெளியே கத்திரி வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குமேல் மாடித்தொட்டித் தண்ணீரில் அரிசி வேகும். இந்த நிலையில் பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் ஒரே குளிர்ப் பிரதேசம் ஃப்ரிட்ஜ். எதையும் எடுப்பதற்கு அல்ல, கதவைத் திறந்து வைத்து எதிரே நிற்பதற்கு. சின்னது கீழ்த்தட்டில் காய்கறிப் பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டு நிற்கும்.

“டேய், உள்ள என்ன சினிமாவா ஓடுது? சாத்துடா!”

“தாத்தா, தண்ணி குடிக்கத்தான்.”

“பானைத் தண்ணி இருக்கில்ல? வெட்டிவேர் போட்டு வெச்சிருக்கேன்.”

“அது மண்ணு மாதிரி இருக்கு தாத்தா.”

பானையும் வெட்டிவேரும் நன்னாரி சர்பத்தும் பனை விசிறியும் இவர் ஏற்பாடுகள். மரபின் மேல் பற்று என்று வருகிறவர்கள் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். பாட்டிக்குத்தான் உண்மை தெரியும். “விசிறிக்கு மீட்டர் கிடையாது, அதான் பற்று” என்பாள், வந்தவர்கள் காதில் விழும்படியாகவே.

2012-ஐப் பற்றி இவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலெல்லாம் கரண்ட் போன வருஷம் அது. ஊரே சபித்தது. இவர் அதைப் பற்றிப் பேசும்போது குரல் கனிந்துவிடும். “அந்தக் கோடையில எல்லாரும் மொட்டைமாடியில படுத்தோம். கதை சொன்னோம். பிள்ளைங்க நட்சத்திரம் எண்ணுச்சுங்க...” என்று ஆரம்பித்து, “பில்லு எவ்வளவு வந்துச்சு தெரியுமா?” என்று முடிப்பார்.

ராத்திரி ஏற்பாடு தனி. வீட்டில் ஏசி இரண்டு உண்டு, ஆனால் மே மாதத்தில் ஒன்றுதான் உண்டு. பத்தரை மணிக்குப் பாய்களும் போர்வைகளும் தலையணைகளும் ஒரே அறைக்குள் குடிபெயரும். மகள், மருமகள், பாட்டி, மூன்று பிள்ளைகள், கதவோரம் மகன். கட்டிலுக்கு மேலே மூன்று பேர், கீழே மூன்று பேர், ஒருவர் பாதி மேலே பாதி கீழே. தாத்தா கூடத்தில் படுப்பார். ஏசி ஆகாது என்பது அவர் சொல்லும் காரணம். உள்ளே படுத்தால் தூங்கிவிடுவோம், தூங்கினால் இரண்டு மணிக்கு அணைக்க ஆள் இல்லை என்பது நிஜக் காரணம்.

இரண்டு மணிக்குப் பூனை நடையில் வருவார். ரிமோட் எங்கே இருக்கும் என்று அவருக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அது அவர் இடுப்பில்தான் இருக்கும். ‘பீப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எந்த மடையன் வைத்தானோ என்று ஒவ்வொரு ராத்திரியும் நொந்துகொள்வார். ஃபேனை மூன்றில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். பத்து நிமிஷம் அமைதி. பிறகு சின்னது புரளும். நடுவாந்திரம் அதை உதைக்கும். பெரியவன் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே, “தாத்தா ஆஃப் பண்ணிட்டார்” என்று அறிவிப்பான். அதன்பின் தூக்கம் யாருக்கும் இல்லை. தண்ணீர் கேட்பார்கள், ஒன்றுக்குப் போகவேண்டும் என்பார்கள், கூடத்து விளக்கு, பாத்ரூம் விளக்கு, அடுப்படி விளக்கு எல்லாம் எரியும், ஃப்ரிட்ஜ் நாலு தடவை திறக்கும். அரை மணி நேரத்தில் ‘பீப்’ என்று மறுபடி ஏசி ஓட ஆரம்பிக்கும். மிச்சம் பிடித்தது அரை யூனிட் இருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் அடுத்த நாள் இரண்டு மணிக்கு வருவார்.

இதெல்லாம் ஒரு பக்கம். மாப்பிள்ளை வரும் சனி, ஞாயிறு இன்னொரு பக்கம். மாப்பிள்ளைக்குத் தனி அறை, தனி ஏசி. இதில் பேச்சே இல்லை, ஐந்நூறு யூனிட்டுக்காகக் குல வழக்கத்தை மாற்ற முடியாது. தாத்தாவே போய் 24-இல் வைத்துவிட்டு வருவார். 2020-இலிருந்து புதிய ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததை மாப்பிள்ளையிடம் பொதுஅறிவுத் தகவலாகச் சொல்வார். மாப்பிள்ளை, “அப்படியா மாமா?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு 18-இல் வைப்பார். போதாததற்குப் போர்வை கேட்பார். நேரில் சொல்ல முடியுமா? பேரனைக் கூப்பிடுவார்: “டேய், 18-ல வெச்சாலும் ரூம் சீக்கிரம் குளிராது, கரண்ட்டுதான் கூட இழுக்கும்னு ஒரு பேச்சுக்கு உங்கப்பாகிட்ட சொல்லி வையி.” அவன் அறைக்குள் போய், “அப்பா, நீங்க கரண்ட்டை இழுக்கறீங்கன்னு தாத்தா திட்டறார்” என்பான்.

பகலில் வீட்டுச் சுமையைக் குறைக்க இவர் கண்ட வழி, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது. முக்கொம்புக்குப் போவார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-இல். மே மாதக் காவிரியில் மணலைத் தவிர என்ன இருக்கும்? பிள்ளைகள் ஒரு தடவைக்குமேல் ஏமாறவில்லை. ஸ்ரீரங்கத்தில் கல் மண்டபங்களின் நிழல் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் வெறுங்காலோடு பிரகாரத்தைக் கடக்க வேண்டும். சின்னதைத் தோளில் தூக்கிக்கொண்டு தாத்தா ஓடுவதை ஒரு முறை பார்த்த பாட்டி அதற்குத் தடை போட்டுவிட்டாள்.

கடைசியில் நிலைத்தது என்.எஸ்.பி. சாலை ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும்தான். பன்னிரண்டு மணிக்கு மூன்று பிள்ளைகளோடு ஏறி, பட்டுப் புடவைப் பிரிவில் உட்கார்ந்துவிடுவார். அங்கேதான் குளிர் அதிகம் என்பது அனுபவத்தில் கண்டது. “என்ன ரேஞ்ச்ல சார் பாக்கறீங்க?” என்று விற்பனைப் பையன் கேட்பான். “வீட்டம்மா வந்துட்டிருக்காங்க தம்பி. அவங்க வந்துதான் செலக்ட் பண்ணணும்.” பாட்டி வீட்டில் மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டிருப்பாள். குளிர்பானம் வரும், பிள்ளைகள் குடிக்கும். மூன்று மணிக்கு எழுந்து, “இன்னும் காணோமே” என்று கவலையோடு வெளியே வருவார். சின்னது ஒரு நாள் அந்தப் பையனிடம், “எங்க பாட்டி வரவே மாட்டாங்க” என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டது. அடுத்த நாளிலிருந்து எதிர்க் கடை.

இவரைக் கேலி செய்யலாம், செய்கிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் கோடையில் அந்த மனிதர் கைக்கு அடங்கியது வேறு எது? வெயிலிடம் பேசிப் பயனில்லை. பிள்ளைகள் யார் பேச்சையும் கேட்பதில்லை. மாப்பிள்ளையிடம் பேசவே கூடாது. வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதிய ஆளுக்கு, எண்ணிப் பார்க்கும்படியாகக் கோடையில் மிஞ்சியிருப்பது அந்த மீட்டர் ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர் மாடியில் சோலார் பலகை மாட்டிவிட்டு, மத்திய அரசு மானியம் கிடைக்கிறது, நீங்களும் போடுங்கள் என்கிறார். தாத்தா அவரோடு இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. வெயில் அடிக்க அடிக்கச் சந்தோஷப்படுகிறவனோடு என்ன பேச்சு?

மருமகள் கெட்டிக்காரி. ஒரு மத்தியானம் மாங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஏன் மாமா, 500 தாண்டினா மொத்தத்துல எவ்வளவு கூட வரும்?”

“அது... ரேட்டே மாறிடும்மா.”

“எவ்வளவு மாமா?”

“ஒரு இருநூத்துச் சொச்சம் வரும்.”

“நேத்து பிள்ளைங்களுக்குக் குல்ஃபியும் நுங்கும் ஆட்டோவும் எவ்வளவு ஆச்சு?”

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காசு பெரிசில்லம்மா. ஸ்லாப்பு!”

பெரியவன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமார், ஆனால் பேரம் என்றால் புரிந்துவிடும். அன்று சாயங்காலமே மூவரும் போய் மீட்டர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். தாத்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, வாரிசு வந்துவிட்டது என்று. மறுநாள் குல்ஃபி வண்டி மணியடித்ததும் பெரியவன் வந்து நின்றான். “தாத்தா, 471 ஆயிடுச்சு. இன்னும் மூணு நாள் இருக்கு. குல்ஃபி வாங்கித் தந்தா நாங்க ஃபேன் மட்டும் போட்டுக்கறோம்.” நடுவாந்திரம் மாடி ஏசியின் சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றது. சின்னதுக்கு விவகாரம் புரியவில்லை. ஆனாலும், “ஸ்லாப்பு! ஸ்லாப்பு!” என்று குதித்தது.

மூன்று குல்ஃபி. அடுத்த நாள் மூன்று ரோஸ்மில்க். அதற்கடுத்த நாள், கணக்கெடுக்க வருவதற்கு முந்தின நாள், விலை ஏறி ஒரு கிரிக்கெட் பேட்.

ரீடிங் எடுக்க வந்தவருக்குத் தாத்தாவே மோர் கொண்டுவந்து கொடுத்தார், டார்ச்சும் பிடித்தார். 496. வெள்ளை அட்டையில் அதை எழுதி வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை மகள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை என்று பாட்டி சொல்கிறாள். இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்தார். “டேய் பசங்களா! பழைய கணக்கு முடிஞ்சுது, இன்னிக்குப் புதுக் கணக்கு. போடுங்கடா, ரெண்டு ஏசியையும் போடுங்க!” அன்று ராத்திரி தாத்தாவும் உள்ளே படுத்தார். பெரியவன் 18-இல் வைத்தான், கண்டுகொள்ளவில்லை. இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. ஏழு மணிவரை குறட்டை விட்டுத் தூங்கினார்.

எழுந்து பல்கூடத் தேய்க்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனார். தேதி வந்தது, மணி வந்தது, வோல்டேஜ் வந்தது.

“எல்லாரும் இங்க வாங்க,” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. “ஒரே நாள்ல 19. இன்னிக்கு ராத்திரி எல்லாருக்கும் மொட்டைமாடி. மாப்பிள்ளை என்னிக்கு வர்றார்னு யாராவது போன் பண்ணிக் கேளுங்க.”