மூணாவது காலை உடைக்காதே, தம்பி

வா தம்பி, உட்காரு. பழைய டிராவலர் வேனை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, குட்டி ஃபிரிட்ஜ் வெச்சு, மண்டை மேலே ஏ.சி.யும் ஏத்திட்டியாமே. தாம்பரம் பக்கம் உன் தெருவே நின்னு வேடிக்கை பார்க்குதுன்னு சேதி வந்துச்சு. நம்ம ஊர்ல கேரவன்னா சினிமாக்காரங்க மேக்கப் போடுற வண்டிதான். அதுக்குப் பக்கத்துல ஜெனரேட்டர் வண்டி ஒண்ணு உறுமிக்கிட்டு நிக்கும். உனக்கு எதுக்கு அந்தச் செலவு? ஹால்ல டி.வி. பிளக் இருக்கு, ஜன்னல் இருக்கு, தீபாவளிக்கு சீரியல் பல்பு போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பரண்ல இருக்கு. ஒயரை ஜன்னல் வழியா விடு, வேனுக்குள்ள படு, ஏ.சி.யைப் போடு. எவன் கேட்கப் போறான்?

வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிறது தாம்பரத்துக்கு ஒண்ணும் புதுசில்லப்பா. 1931லேயே சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் மீட்டர் கேஜ் ரயிலை 1,500 வோல்ட் டி.சி.யில ஓட்டினாங்க. ஒரே ஒரு வித்தியாசம். ரயிலுக்கு இரும்புச் சக்கரம். வந்த கரண்ட் தண்டவாளம் வழியா திரும்பிப் போயிடும். உன் வேனுக்கு ரப்பர் டயர். உள்ளே எங்கேயோ ஒயர் உரசி, தகரத்துல ஃபேஸ் ஏறிச்சுன்னு வை. அதுக்கு இறங்க வழி கிடையாது. அப்படியே பாடி முழுக்கப் படர்ந்து காத்திருக்கும். நீ உள்ளேயே கிடக்கிற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது, ராஜா மாதிரி தூங்கலாம். விடிகாலையில பல் தேய்க்க இறங்குவே பாரு, ஒரு கை கதவுப் பிடியில, ஒரு கால் ஈரத் தரையில. அந்த நேரம் கரண்டுக்கு ஒரு தண்டவாளம் கிடைச்சுடும். அது நீதான்.

அந்தக் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடத்தான் பிளக்குல எர்த்துன்னு மூணாவது கால். நம்ம ஆளுங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ரெண்டு கால் பிளக்கு உள்ளே போகலைன்னா, மேல் ஓட்டையில குச்சியை விட்டுக் கதவைத் திறக்கிற சாமர்த்தியம் உலகத்துல வேற யாருக்கு வரும்? நீ அந்தப் பரம்பரை. சொல்றதைச் சொல்லிடறேன்.

வீட்டுல எர்த் இருக்கான்னு முதல்ல பாரு. ‘இருக்கு சார், பச்சை ஒயர் போயிருக்கு’ன்னு எலக்ட்ரீஷியன் சொல்லுவான். போயிருக்கும், எங்கே போயிருக்குன்னு கேளு. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ரெண்டு விதமான பூமி நமக்கு. பல்லாவரம், பம்மல் பக்கம் மலைக்கல்லு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கல்லறைக்கு நம்ம பல்லாவரத்துக் கல்லுதான் போச்சு. அவர் பேரைத்தான் அந்தக் கல்லுக்கே வெச்சான் வெள்ளைக்காரன். அந்தப் பாறை மேல ரெண்டடி குழி தோண்டி பைப்பைச் சொருகினா எர்த் ஆயிடாது. கரி, உப்பு போட்டு ஆழமா இறக்கணும், சித்திரை வெயில்ல தண்ணி ஊத்தணும், மீட்டர் வெச்சு அளந்து பார்க்கணும். இல்லேன்னா அந்தக் கல்லுக்குப் பழைய வேலையே திரும்பக் கிடைச்சுடும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம்னா மண்ணு ஈரம், எர்த் நல்லாவே பிடிக்கும். அங்கே சிக்கல் வேற. 2015 டிசம்பர்ல அடையாறு ஊருக்குள்ள வந்துச்சே, உன் சுவத்துல தண்ணிக் கறை எதுவரைக்கும் நின்னுச்சோ அதுக்கு மேலே பிளக் பெட்டியை அடி. மூடி போட்ட நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டா வாங்கு. ‘அவ்ளோ உசரத்துலயா, அசிங்கமா இருக்குமே’ம்பா உன் பொண்டாட்டி. இருக்கட்டும்.

அமெரிக்காவுல உன் மச்சான் அவன் வேனுக்கு 30 ஆம்ப்ஸ் போட்டிருக்கானாம், உனக்கும் 30 வேணுமாம். கணக்கு எட்டாங்கிளாஸ்லயே தகராறு போலிருக்கு. அவன் ஊர்ல 120 வோல்ட், 30 ஆம்ப்ஸ்னா 3,600 வாட். இங்கே 230 வோல்ட், 16 ஆம்ப்ஸ்னா 3,680. அவனை விட 80 வாட் ஜாஸ்தியாவே உனக்கு வருது, ஊர் பூரா சொல்லிக்கோ. ஆனா அவன் அனுப்புற 120 வோல்ட் கெட்டிலை மட்டும் இங்கே சொருகிடாதே. டீக்கு முன்னாடி புகை வரும்.

ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் கீழே வேண்டாம், தூரம் ஜாஸ்தின்னா 4 போடு. சுருள்ல வர்ற ஒயரை முழுசாப் பிரிச்சுப் போட்டுட்டு ஏ.சி.யைப் போடு. சுருட்டினபடியே ஓட்டினா உள்ளேயே வெந்து, ஒட்டிக்கிட்டு வரும். ரெண்டு முனையிலயும் ஆண் பிளக் மாட்டின ஒயர் ஒண்ணு கடையில கட்டித் தர்றேம்பான். வாங்கினா வலது கைக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிடு. வேன் பக்கம் இன்லெட் வைக்கணும், பிளக் இல்லை.

அப்புறம் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சாலே டக்குன்னு விழற சாமான். உன் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. வேனையும் ஒயரையும் காப்பாத்தும், உன்னைப் பத்தி அதுக்குக் கவலையே கிடையாது. ஆளைக் கொல்லத் தேவையான கரண்ட் அதுக்குக் கொசுக்கடி. மழைக்காலத்துல இந்த ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். உடனே ‘தொல்லை சார், எடுத்துட்டு டைரக்டா குடுத்துடவா’ன்னு ஒருத்தன் வருவான். அவனை வாசல்லயே மோர் கொடுத்து அனுப்பிடு. விழுதுன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். மாசத்துக்கு ஒரு தரம் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாரு.

இ.பி. அட்டையில எத்தனை கிலோவாட் போட்டிருக்குன்னும் பாரு. வீட்டுல ரெண்டு ஏ.சி., ஒரு கீசர், இப்ப வேனும் சேர்ந்தா தெருமுனை ஃபியூஸ் உன் பேரைச் சொல்லிக்கிட்டே போகும். கோயில் கொடை மாதிரி கம்பத்துல கொக்கி போடலாமான்னு கேட்காதே. 2003 மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவுல அதுக்குப் பேரு திருட்டு.

எல்லாம் முடிஞ்சதும் பணத்தைக் கையில எண்ணி வெச்சுக்கிட்டு, ‘அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு, ஈரத்துல நின்னு, இந்தக் கதவுப் பிடியைப் பிடிங்களேன்’னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேளு. பிடிக்க விட்டுடாதே. மூஞ்சியை மட்டும் பாரு. ஒரு நொடி யோசிச்சான்னா, நோட்டை மடிச்சுப் பையில வெச்சுட்டு, ‘எர்த்தை இன்னொரு தரம் அளந்துடலாமாண்ணே’ன்னு கேளு.