கை தட்ட ஒரு மாமா

(ஜனவரி மாதம், விடிகாலை. கூந்தன்குளத்துக்குச் சற்றுத் தள்ளி, திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு குளம். பெயர் வேண்டாம், எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கரை முழுக்கக் கார் நிற்கும். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கணினிக் கம்பெனியில் வேலை. இலை அச்சடித்த சட்டை, இலை அச்சடித்த தொப்பி, லென்ஸுக்கும் இலை அச்சடித்த உறை. மாமா கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, கையில் சுக்குக் காப்பி ஃபிளாஸ்க்.)

மாப்பிள்ளை: வெள்ளை வேட்டி வேணாம்னு நேத்தே சொன்னேன் மாமா. பறவைக்குப் பளிச்சுன்னு தெரியும்.

மாமா: தெரியட்டுமே. வரப்புல போற ஆளுன்னு அது பாட்டுக்கு இருக்கும். நீதான் புதர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நடந்து வாற. எந்த ஊர்ல டே புதர் ஷூ போட்டு நடக்கு?

மாப்பிள்ளை: சரி, மெதுவா பேசுங்க. அதோ, வால் ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அது ஊசிவால் வாத்து. கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது நீலச்சிறகி. சைபீரியாப் பக்கம் இருந்து வர்ற விருந்தாளிங்க.

மாமா: விருந்தாளி எல்லாம் தூங்குதே?

மாப்பிள்ளை: அதான் பிரச்சினையே. தூங்குற வாத்தை எல்லாரும் எடுத்துட்டாங்க. எனக்குப் பறக்கிற ஷாட் வேணும். நீங்க அப்படியே சுத்திப் போய், அந்தக் கரையில நின்னு ரெண்டு தட்டு தட்டினா போதும்.

மாமா: எதைத் தட்டணும்?

மாப்பிள்ளை: கையை.

மாமா: ஓகோ. 'இயற்கையை ரசிக்கப் போவோம் மாமா'ன்னு நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டியாந்தது இதுக்குத்தானா? ஏன், உனக்குக் கை இல்லையா?

மாப்பிள்ளை: நேத்து நானே தட்டினேன். பாருங்க, இதான் வந்துச்சு.

(கேமராவின் பின்திரையைக் காட்டுகிறான். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். ஒன்று, இரண்டு, பத்து. பார்த்துக்கொண்டே போகிறார்.)

மாமா: எல்லாம் வாலும் முதுகுமா இருக்கே.

மாப்பிள்ளை: பறவையோட கண்ணைத் தானாவே தேடிப் பிடிக்கிற கேமரா மாமா இது.

மாமா: பாவம், கண் இருந்தாத்தானே பிடிக்கும்? பயந்து ஓடுறவன் உன்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டா ஓடுவான்? ஆமா, இந்தப் படத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கியே.

மாப்பிள்ளை: அது தலைப்பு. 'சுதந்திரம்'.

மாமா: வெரட்டினவனே வச்ச பேரா? பேஷ். இந்தக் குழாய் என்ன விலை?

மாப்பிள்ளை: லென்ஸ் மாமா. பத்து லட்சத்துக்கு மேல. மாசத் தவணைதான்.

மாமா: வீட்டுல தெரியுமா?

மாப்பிள்ளை: அவகிட்ட அறுபதாயிரம்னு சொல்லியிருக்கேன்.

மாமா: குறிச்சுக்கிடுதேன். பத்து லட்சம் போட்டு வாங்கினதை வாத்து வாலைப் பாக்க வச்சிருக்க. அது சரி, எதுக்குடே தூங்குறதை எழுப்பணும்?

மாப்பிள்ளை: பகல்ல அதுங்க பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். நீலச்சிறகி எல்லாம் ராத்திரிதான் வயல்ல, சேத்துல மேயும். பகல்ல கூட்டமா தண்ணியில மிதந்துகிட்டுத் தூங்கும்.

மாமா: நைட் ஷிஃப்டா?

மாப்பிள்ளை: அப்படித்தான் வச்சுக்கோங்க.

மாமா: போன வருசம் நீ நைட் ஷிஃப்ட் பாத்தப்ப, மத்தியானம் காய்கறி வண்டிக்காரன் மைக்குல கத்துதான்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போனியே, ஞாபகம் இருக்கா?

(பதில் இல்லை. லென்ஸின் மேல் இல்லாத தூசியை மாப்பிள்ளை துடைக்கிறான். நம் வாசகர்களிலும் சிலர் இப்போது துடைத்துக்கொண்டிருக்கலாம்.)

மாப்பிள்ளை: ஒரு தடவை பறந்தா என்ன குறைஞ்சிடப் போகுது? பறவைன்னா பறக்கத்தானே செய்யும்.

மாமா: நீதானே கார்ல வரும்போது பாடம் நடத்தின. முக்குளிச்சு மேயுற வாத்து தண்ணி மேல ஓடி ஓடித்தான் எழும்பும், ஊசிவாலும் நீலச்சிறகியும் ஓடாம நின்ன இடத்துல இருந்தே விருட்டுன்னு மேல கிளம்பும், அதுக்குத்தான் நொடியில ரெண்டாயிரத்து ஐந்நூத்துல ஒரு பங்கு ஷட்டர் வைக்கேன்னு. ஓடாம எழும்புததுக்குத் தெம்பு எங்கேந்து வருது? ராத்திரி தின்னதுல இருந்துதானே? அது கொழுப்புச் சேத்துக்கிட்டு மார்ச், ஏப்ரல்ல சைபீரியா திரும்பணும். உன் வகையறால ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வருவாங்க?

மாப்பிள்ளை: இருபது, முப்பது பேர்.

மாமா: ஆளுக்கு ஒரு தட்டுன்னாலும் முப்பது தடவை. படம் உன் வரவுல ஏறுது, செலவு வாத்துக் கணக்குல ஏறுது. முப்பத்தி நாலு வருசம் தணிக்கையில இருந்தவன் நான். இந்த மாதிரி பேரேட்டை எந்த ஆபீஸ்ல பாத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

மாப்பிள்ளை: நான் என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்? ஒரு உயிரையும் எடுக்கலையே.

மாமா: துப்பாக்கின்ன உடனே ஞாபகம் வருது. எல்.டி.சி. பயணச் சலுகையில ராஜஸ்தான் போனப்ப பரத்பூர் பறவைச் சரணாலயம் பாத்தோம்லா. இப்ப அது தேசியப் பூங்கா, அந்தக் காலத்துல மகாராஜாவோட வாத்து வேட்டைக் காடு. கேவலாதேவ் கோயில் பக்கத்துல கணக்கைக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த அன்னைக்கு 4,273 பறவை. ஒரே நாள்ல. அவருக்கும் கரையில நின்னு எழுப்பிவிட ஆள் இருந்திருப்பான். என்னை மாதிரி ஒரு மாமா. நேத்து நீ எத்தனை எடுத்த?

மாப்பிள்ளை: ஆறாயிரம் இருக்கும். நொடிக்கு முப்பது படம் ஓடும் மாமா, விரலை எடுக்கிறதுக்குள்ள நூறு ஆயிடும்.

மாமா: வைஸ்ராயையே மிஞ்சிட்டயே டே. கல்வெட்டை எங்க நடணும், கரையிலயா, உன் வீட்டு வாசல்லயா?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாதீங்க. போட்டோ எடுக்கிறது சட்டப்படி குத்தமா?

மாமா: எடுக்குதது குத்தம்னு யார் சொன்னா? 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா என்னன்னு விளக்கம் போட்டிருக்கான். கொல்லுதது, விஷம் வைக்குதது, பிடிக்குதது, கண்ணி வைக்குதது. அதே வரிசையில வெரட்டுததும் இருக்கு. முயற்சி பண்ணினாலே சேத்தி. நான் கை தட்டினா வெரட்டினவன் நான், ஏவினவன் நீ. சாட்சியும் தேட வேண்டாம், நொடிக்கு முப்பது வீதம் நீயே எடுத்து வச்சிருப்ப.

மாப்பிள்ளை: இந்த ஊர்ல யாரு மாமா கேஸ் போடப் போறாங்க?

மாமா: அந்தா, கூந்தன்குளத்துல தீபாவளிக்கு வெடி போடுததில்லை. வீட்டு வாசல் மரத்துல நாரை கூடு கட்டி, முற்றமெல்லாம் எச்சமாக் கிடந்தாலும் வெரட்ட மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க மத்தாப்பை அடக்கிக்கிட்டு இருக்குதுங்க. பென்சன் வாங்குத கிழவன் நான் போய்க் கை தட்டணுமாக்கும்.

(ஆனாலும் மாமா கிளம்புகிறார். கிழக்குக் கரைக்குப் போகச் சேற்று வரப்பு. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார். கால் மணி நேரம் கழித்து மாப்பிள்ளையின் கைப்பேசி அதிர்கிறது.)

மாப்பிள்ளை: மாமா, போயிட்டீங்களா? நான் ரெடி. தட்டுங்க.

மாமா: காப்பி குடிக்கேன்.

மாப்பிள்ளை: குடிச்சிட்டுத் தட்டுங்க.

மாமா: ஒரு சந்தேகம். காத்து எந்தப் பக்கம் இருக்கணும்னு நீ பாடம் கேக்குத வீடியோக்காரன் சொன்னான்?

மாப்பிள்ளை: நம்ம முதுகுப் பக்கம். பறவை காத்தை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். அப்பதான் முகத்தை நம்ம பக்கம் வச்சுக்கிட்டு வரும். வெயிலும் முதுகுல படணும். இல்லைன்னா வானம் வெளுத்து, பறவை கறுப்பா விழும்.

மாமா: மார்கழி, தையில வாடை வடகிழக்குல இருந்து வரும். சூரியன் கிழக்குல. ரெண்டும் இப்ப என் முதுகுல இருக்கு. நீ ஏன்டே மேற்குக் கரையில நிக்க?

மாப்பிள்ளை: கார் இங்கதானே நிக்கும். அந்தப் பக்கம் ஒரே சேறு. ஷூ எட்டாயிரம் ரூபா.

மாமா: அறுபதாயிரத்துல சேருமா, தனியா?

(அப்போது வானத்தில் ஒரு பழுப்பு நிழல். சேற்றுப் பூனைப்பருந்து, சிறகை 'வி' எழுத்துப் போலத் தூக்கிக்கொண்டு, கோரைக்கு மேல் தாழ்ந்து மிதந்து வருகிறது. குளம் மொத்தமும் ஒரே வீச்சில் எழும்புகிறது. ஊசிவால்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால். பின்னால் நீலச்சிறகிகள், ஆண்களின் தோளில் சாம்பல் நீலம். வாடையை எதிர்த்து, கிழக்குக் கரையை நோக்கி, காப்பி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாமாவின் தலைக்கு மேலே போகின்றன.)

மாப்பிள்ளை: மாமா! தட்டினீங்களா?

மாமா: பருந்து தட்டிச்சு. அதுக்குப் பசி, கேஸ் கிடையாது. ஏ மாப்ளே, ஊசிவாலுக்குக் கழுத்துல ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஏறுது, கண்ணு கறுப்பு மணி மாதிரி இருக்கு. உனக்கு விழுந்துச்சா?

மாப்பிள்ளை: ...

மாமா: என்ன விழுந்துச்சு?

மாப்பிள்ளை: முதுகு.

மாமா: எத்தனை?

மாப்பிள்ளை: இருநூத்திப் பத்து.

மாமா: சரி, 'சுதந்திரம் இரண்டாம் பாகம்'னு போட்டுரு. ஷூவைக் கழத்தி வச்சுட்டு வா, காப்பி மிச்சம் இருக்கு. பருந்து போனதும் திரும்பி இறங்கும். மூஞ்சி வேணும்னா இங்கன உக்காரணும்.

(வலசை வாத்துகள் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதற்கு முன் குளத்துக்குப் போகிற நண்பர்கள் வெளிச்சம் வருமுன்பே, வெயிலும் காற்றும் முதுகில் படுகிற கரையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். கை தட்ட ஆள் கூட்டிப் போக வேண்டாம்.)